இரண்டு சின்ன வேட்டிகள்

கொரோனா வந்த முதல் வருஷம், வலங்கைமான் பக்கத்தில் மிராசுதார் வீட்டு வாசலுக்கே தகரம் அடித்தார்கள். சவுக்குக் கழி நட்டு ஆட்கள் ஆணி இறக்கும்போது நாகநாதன் உள்ளே நின்று மேற்பார்வை பார்த்தார். தன்னை அடைக்கிற வேலையாக இருந்தாலும் தன் உத்தரவில்லாமல் நடக்கலாமா? "இன்னும் ரெண்டு ஆணி அடிப்பா, காத்துக்கு ஆடும்" என்றார். அடித்தார்கள்.

அவருக்கும் மகன் சூர்யபிரகாஷுக்கும் ஒரே நாளில்தான் காய்ச்சல் கண்டது. எழுபதைத் தாண்டியவர், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர், கொஞ்சம் இருமிவிட்டு எழுந்து உட்கார்ந்து காபியில் டிகாக்‌ஷன் பத்தவில்லை என்றார். அன்றிலிருந்து தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று தெருவுக்குச் சொற்பொழிவு. "எங்க வம்ச ரத்தம் அப்படி. கிருமி உள்ள வந்து பாத்துட்டு, வீடு மாறி வந்துட்டோம்னு போயிடுச்சு." எதிர்வீட்டுக் குஞ்சிதபாதம் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு, ஆமாங்க ஆமாங்க என்பார்.

நாகநாதன் அந்த வீட்டுக்குச் சுவீகாரம் வந்தவர் என்பது தெருவுக்கே தெரியும். சின்ன வயதில் சீர்காழிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர். ஆனால் ஒரு மனிதர் ஒரே பொய்யை ஆயுசு முழுக்க உழைத்துச் சொன்னால், அதற்குப் பட்டா கொடுத்துவிடுவது ஊர் மரியாதை. அசல் ரத்தம் அவர் மனைவி பிரகதாம்பாளுடையது. சுவீகாரம் எடுத்தவரின் தங்கை மகள். வந்தவருக்கு அவளைக் கட்டிவைத்து, ரத்தத்தை வெளியே போகவிடாமல் வீட்டுக்குள்ளேயே பூட்டினார்கள்.

பூட்டிய ரத்தம் இப்போது காமரா உள் அறையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஜிம்முக்குப் போய்த் தோளை வளர்த்த பிள்ளை. அவன் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, எண் இறங்குவதைப் பார்த்தபடி பிரகதாம்பாள் உட்கார்ந்திருந்தாள். வாசலில் தகரம், கொல்லையில் தகரம். எண் மட்டும் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

கூத்தாநல்லூர்க்காரரான டாக்டர் சாஜிதா ஆம்புலன்ஸோடு வந்து தகரத்துக்கு அப்பால் நின்றார். தஞ்சாவூரில் ஒரே ஒரு படுக்கைதான் காலி. அடுத்த தெருவில் ஒரு கிழவரும் காத்திருந்தார். இந்தப் பையனுக்கு எண் இன்னும் ஆபத்துக் கோட்டைத் தொடவில்லை. விதிப்படி வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். ஆனால் போகிற போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை.

"கிருமி ஒண்ணுதாங்க. சிலருக்கு அதைக் கண்டதும் எதிர்க்கக் கிளம்புற சக்தி பிறவியிலேயே குறைவா இருக்கலாம். குடும்பத்துல தொடர்ந்தும் வரலாம். உங்க வீட்ல யாராச்சும் சின்ன வயசுல சளி, மூச்சுத்திணறல்னு இறந்திருக்காங்களா? இருந்தா இப்பவே தம்பியை ஏத்திடுறேன்."

"எங்க வம்சத்துலயா?" நாகநாதன் சிரித்தார். "அப்படி ஒருத்தரும் கிடையாதும்மா."

அவர் நினைப்பில் அது பொய்யில்லை. பூஜை அறையில் ஒரு மூங்கில் கூடையில் இரண்டு சின்ன வேட்டிகள் இருந்தன. பொங்கலுக்கு முன்னால் அவற்றுக்குப் பால்சோறு படைப்பார்கள். ஓரத்தில் மஞ்சள் தடவி மடித்து வைப்பது நாகநாதன்தான். அவர் வருவதற்கு முந்தைய அடைமழையில், மூச்சு இழுத்து இழுத்து அடங்கிய இந்த வீட்டுப் பிள்ளைகளுடையவை அவை. செத்தவர்களைச் சாமியாக்கிவிட்டால் எதில் செத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சாமிக்குச் சளி பிடிக்குமா?

அடுத்த தெருவுக்குக் கிளம்பச் சொல்லி டாக்டர் ஓட்டுநர் அஸாரைப் பார்த்துத் தலையசைத்தார். வண்டி உறுமியது.

பிரகதாம்பாள் கூடையோடு வாசலுக்கு வந்தாள். தெரு காதுபட அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னத்தை?"

"உங்களை எதுக்கு இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்கன்னு."

குஞ்சிதபாதம் மாஸ்க்கை முதல்முறையாக மூக்குவரை ஏற்றிக்கொண்டார். நாகநாதன் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் வேட்டிகளை எடுத்துத் தகரத்தின் மேல் போட்டாள். மஞ்சள் ஓரம் தெருப்பக்கம் தொங்கியது. உள்ளே சூர்யபிரகாஷ் இருமினான். இருமல் முடியவில்லை.

நாகநாதன் இரண்டு தகரங்களுக்கு நடுவே இருந்த சந்தில் வாயை வைத்தார்.

"டாக்டரம்மா, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டு பேரு. இந்த வீட்டுப் பிள்ளைங்க. அவங்க போனதாலதான் நான் வந்தேன்."

அஸார் ஒரு கடப்பாரையோடு ஓடிவந்தான். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியாக அடித்த இரண்டு மட்டும் அசையவில்லை. அந்தப் பக்கமிருந்து அவன் நெம்ப, இந்தப் பக்கமிருந்து நாகநாதன் வெறுங்கையால் தள்ள, தகரம் அதிர்ந்தது. அதன் மேல் இரண்டு சின்ன வேட்டிகளும் உதறிக்கொண்டிருந்தன.