கோப்பில் இல்லாத வரி

1.

என் தங்கையின் அலுவலகத்தில், உடன் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் யாரோ சொல்லிச் சிரித்த விஷயம் இது. அதில் குழந்தை கிடையாது. குழந்தையை நான்தான் சேர்த்தேன். ஏன் என்பதைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மதியம் இரண்டே கால் மணிக்கு அவள் பொத்தானை அழுத்தி —"

(வேண்டாம். அதற்கு முன் என்ன செய்தாள் என்று சொல்லாமல் பொத்தானைக் காட்டுவது ஏமாற்று வேலை.)

2.

வலிப்பு வருகிறவர்களுக்கான கைபேசிச் செயலி ஒன்றை அந்த அலுவலகம் நடத்துகிறது. மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் உடம்பின் உதறலைக் கண்டுகொண்டால் வீட்டாருக்கு உடனே அழைப்பு போகும். மாதம், வருடம், குடும்பம் என்று இருநூற்றுப் பதினான்கு சந்தாத் திட்டங்கள். ஒவ்வொன்றாகத் திருத்தினால் ஒரு வாரம் பிடிக்கும். எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றும் மென்பொருள் கருவியிடம், திட்டத்துக்கு ஒரு வரியாக எழுதிய கோப்பைக் கொடுத்தால் மூன்றே நிமிடம்.

அன்று மாறக் கூடாத திட்டம் ஒன்றே ஒன்று. ஆரம்பத்தில் சேர்ந்த முந்நூற்றுப் பதினோரு பேர் அதில் இருந்தார்கள். "அதைத் தொட்டுடாதே" என்று சொல்லியிருந்தார்கள். தொட்டுவிடக் கூடாதே என்றுதான் அவள் அந்த வரியையே கோப்பிலிருந்து எடுத்தாள்.

கருவிக்கு ஒரு விதி உண்டு: கோப்பில் இல்லாத திட்டம் தேவையில்லாத திட்டம், அதை நிறுத்திவிடும்.

"மாற்றம் 213, நிறுத்தம் 1" என்று அது முன்கூட்டியே காட்டியது. அவள் 213-ஐ இரண்டு முறை சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

3.

பக்கத்து இருக்கைக்காரருக்கு நாற்பது வயதுதான். எதற்கும் இருமிவிட்டுப் பேசுவதால் பெயர் 'தாத்தா'. இருமினார்.

"என்னத்தம்மா நிறுத்தின?"

"நான் எதையும் நிறுத்தலையே."

"பழைய திட்டம் நின்னுருக்கு பாரு."

"அந்த வரியை எடுத்துட்டேன் தாத்தா. தொடாதேன்னு நீங்கதானே..."

"தொடாதேன்னா இருக்கட்டும்னு அர்த்தம், தாயே."

வரியைத் திரும்பச் சேர்த்துக் கருவியை ஓட்ட உட்கார்ந்தார். நின்றுபோன திட்டம் மறுபடி உயிர்பெற மட்டும் நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை முந்நூற்றுப் பதினோரு கடிகாரங்களும் நேரம் மட்டுமே காட்டும்.

அவற்றில் ஒன்று அவளுடைய அக்கா மகளுடையது. ஒன்பது வயது. காய்ச்சலென்று பள்ளிக்குப் போகாமல் மாடியில் தனியாகத் தூங்குகிறாள். அக்கா கீழே நகலெடுக்கும் கடையில் இருக்கிறாள். கடை நேரத்தில் கடிகாரத்தின் அழைப்புக்கு மட்டுமே மணியடிக்கும்படி அக்கா தன் கைபேசியை வைத்திருக்கிறாள். இவளே அக்காவுக்கு வைத்துக்கொடுத்த ஏற்பாடு.

அக்காவை ஐந்து முறை அழைத்தாள். ஐந்து முறையும் ஓசையில்லாமல் அடித்து ஓய்ந்தது.

கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"போயிட்டா, கடிகாரம் வேலை செய்யலைன்னு அத்தனை பேருக்கும் அறிவிப்பை யார் அனுப்பறது?" என்றார் தாத்தா. "உன் கணக்குலேருந்துதான் போகும். எழுதி, எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கக் கால் மணி நேரமாவது ஆகும்."

"அக்கா வீடும் கால் மணி நேரம்தான்."

தாத்தா இருமிவிட்டுக் கருவியின் பக்கம் திரும்பினார்.

4.

முடிவு ஒன்று: ஓடுகிறாள். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறாள். கதவைத் தள்ளினால் குழந்தை —

முடிவு இரண்டு: உட்கார்கிறாள். "உங்கள் கடிகாரம் இப்போது வேலை செய்யவில்லை. உடனிருங்கள்" என்று அடிக்கிறாள். அனுப்புகிறாள். அப்போது அக்காவிடமிருந்து —

(இரண்டையும் பாதியில் விட்டேன். தாத்தா போகலாமே என்பீர்கள். அவர் கருவியை விட்டு எழுந்தால் நாற்பது ஐம்பதாகும்.)

5.

இப்போது ஒப்புக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையில் முந்நூற்றுப் பதினொன்று என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கக் கூடாதென்று ஒரு குழந்தையைச் சேர்த்தேன். சேர்த்ததும் என்ன ஆயிற்று? அந்த மாடிப்படியைத் தவிர நீங்கள் எதையும் பார்க்கவில்லை. நானும்தான். மற்ற முந்நூற்றுப் பத்துப் பேரைக் கதையிலிருந்து நானே எடுத்துவிட்டிருக்கிறேன், அவள் எடுத்த மாதிரியே, நல்லதை நினைத்து.

அதனால் சிலரைத் திரும்பச் சேர்க்கிறேன். ஏணியில் நின்று சுவருக்கு வர்ணம் பூசுகிற ஒருவர். குளியலறைக் கதவைத் தாழிடுகிற ஓர் ஆசிரியை. அடுப்பில் எண்ணெய் வைத்திருக்கும் புது மாப்பிள்ளை. எல்லோரும் அந்தக் கடிகாரத்தை நம்பியே தனியாக இருக்கிறார்கள்.

மணி இரண்டு இருபத்தாறு. பை தோளில் இருக்கிறது. விரல்கள் விசைப்பலகை மேல் இருக்கின்றன. இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை, நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவளை எங்கே அனுப்பினாலும் சரி, ஒன்று மட்டும் கேட்கிறேன்: அனுப்பும்போது முந்நூற்றுப் பதினோரு பேரும் உங்கள் கதையில் இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.