வேரோடு வந்த முடி

அக்காவின் இடது காதுக்கு மேலே ஒரு சொட்டை இருந்தது. செபஸ்தியார் திருவிழாவுக்கு வந்தவள் தலைக்குக் குளித்துவிட்டு வாசல் வெயிலில் உட்கார்ந்து ஈரத்தை உதறினாள். அப்போதுதான் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்ததும் பக்கத்து முடியை இழுத்து மூடிக்கொண்டாள்.

"என்னக்கா இது?"

"தைராய்டு. கொட்டுது."

"தைராய்டுன்னா தலை பூராம் கொட்டும். ஒரே இடத்துல கொட்டாது."

"ஆமா, இவ பெரிய டாக்டரு."

உள்ளேயிருந்து அம்மா, "புழுவெட்டா இருக்கும், சின்ன வெங்காயத்தைத் தேச்சா முளைச்சிரும்" என்றாள். புழுவெட்டு என்றால் அந்த இடம் வழவழவென்று இருக்கும். இது பாதி முளைத்தும் பாதி முளைக்காமலும் முள்முள்ளாக நின்றது.

நான் டாக்டர் இல்லை. தடயவியல் படித்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். முதல் வருடப் பிள்ளைகளுக்கு முடி, நூல், மண், கண்ணாடித் தூள் எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டுவது என் வேலை. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான்தான். சிலிண்டர் புக் பண்ணவும் ஆதாரில் பெயர் திருத்தவும் அந்த டிகிரி வேண்டும். மற்ற நேரத்தில் அதற்குத் திமிர் என்று பெயர்.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். அக்கா மகள் அனிஷா, ஒண்ணாவது படிக்கிறவள், வாசல்படியில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிள்ளை அழவில்லை. தன் உள்ளங்கையைத் தூக்கித் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். கண்ணில் மட்டும் தண்ணீர் ஓடியது. "என்னா தைரியம் பாரு" என்று அம்மா மெச்சினாள். 

அடுப்படியில் போய் அம்மாவிடம் சொன்னேன். "அக்காவை அவன் அடிக்கிறான்மா."

"அவ சொன்னாளா?"

"சொல்ல மாட்டா."

"அவ சொல்லாததை நீ எதுக்குடி சொல்ற? ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வேன் கொண்டு வாராரு. அனுப்பத்தான் செய்வேன்."

"நான் நிரூபிச்சா?"

அம்மா வெஞ்சனத்தைக் கிளறுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "நிரூபி. செபஸ்தியார் சத்தியமா அனுப்ப மாட்டேன். அவளும் புள்ளையும் இங்கயே கெடக்கட்டும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் விளையாட்டாக எடுக்கவில்லை.

சீப்பில் வருகிற முடியை எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் தூரப் போட மாட்டார்கள். விரலில் சுற்றிப் பந்தாக்கி எங்காவது இடுக்கில் சொருகி வைப்பார்கள். முடி வாங்குகிறவன் தெருவில் சத்தம் கொடுத்து வரும்போது போட்டுவிட்டுப் பாத்திரம் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் அம்மாவுக்கு அது ஜன்னல் இடுக்கு. அக்காவின் மாமியார் மரியபுஷ்பம் அத்தைக்கு ஒரு மஞ்சள் பை.

அக்கா தைராய்டு மாத்திரையை மறந்துவிட்டு வந்திருந்தாள். அதைச் சாக்காக வைத்து வெள்ளிக்கிழமை நிலக்கோட்டையில் இருக்கிற அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன். அக்கா வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜ் மச்சான் பூ வேன் ஓட்டுகிறவர். விடியுமுன் பூ எடுக்கப் போனால் மதியம்தான் வருவார். அத்தை மட்டும் உட்கார்ந்து மல்லிகையில் காம்பு ஒடிந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடி, படிச்சவளே. கல்யாணம் கட்டுற யோசனை இருக்கா, இல்ல பொணத்தோடதான் குடித்தனமா?"

"பொணம் எதிர்த்துப் பேசாது அத்தை."

"வாயி! ஒங்க அக்காளுக்கும் இதே வாயிதான் இருந்துச்சு. இப்பப் பரவாயில்ல."

மஞ்சள் பை ஆணியில் தொங்கியது. நான் அதைப் பார்ப்பதை அத்தை கவனித்தாள். சங்கடப்படுவாள் என்று நினைத்தேன். பெருமைப்பட்டாள்.

"எல்லாம் ஒங்க அக்கா முடி. நல்ல நீளம்ல, முடிக்காரனே கேட்டு வாங்குறான். போன தடவை இட்லிக் குண்டான் எடுத்தேன். சீப்புல வாரது மட்டும் இல்ல, தரையில கெடந்தாலும் கூட்டித் தள்ள விட மாட்டேன். பொறுக்கி, தூசி தட்டி வச்சிருவேன். மகராசிக்குப் பொருளோட அருமை தெரியாது."

தரையில் ஏன் கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை. காபி போட அவள் உள்ளே போனதும் பைக்குள் கைவிட்டு, வந்த பந்துகளை எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். நல்ல காபி.

சனிக்கிழமை லேபில் யாரும் இல்லை. சீப்பு முடி எது, தரை முடி எது என்று கண்ணாலேயே தெரிந்தது. சீப்பு முடி விரலில் சுற்றிய வளையம். தரை முடி கொத்து, எல்லா நுனியும் ஒரே பக்கம்.

தானாக உதிர்கிற முடிக்கு அடியில் சின்னக் குமிழ் இருக்கும். வெளுத்து, காய்ந்து, தீக்குச்சித் தலை போல இருக்கும். அதன் காலம் முடிந்துவிட்டது, விழுந்துவிட்டது, அவ்வளவுதான். வளர்ந்துகொண்டிருக்கிற முடியைப் பிடித்து இழுத்தால் அப்படி வராது. வேர் இழுபட்டு நீண்டு வளைந்திருக்கும். சுற்றியிருந்த தோலுறையும் கிழிந்து சட்டை மாதிரி கூடவே வரும்.

கொத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கிளிசரினில் வைத்துப் பார்த்தேன். சட்டை. சட்டை. சட்டை. ஒரு கைப்பிடி முடியும் ஒரே இழுப்பில் வந்தது.

பையில் வேறொரு கொத்தும் வந்திருந்தது. சின்னது. முடி மெலிசு, நிறம் செம்பட்டை. மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் பளிச்சென்று ஏதோ மின்னியது. ஆறு மூலைத் துண்டு, பக்கத்தில் இன்னொன்று. ஜிகினா. பசையோடு சேர்ந்து முடியில் ஒட்டிக் காய்ந்திருந்தது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் சம்மனசு வேஷம் போட்ட அனிஷாவின் போட்டோவை அக்கா அனுப்பியிருந்தாள். தேவதூதருக்கான வெள்ளைச் சிறகு, தலை நிறைய ஜெல், ஜெல்லின் மேல் ஜிகினா. நான் அதற்கு இதயம் போட்டு அனுப்பியிருந்தேன்.

அடியைப் பார்த்தேன். சட்டை.

பின்னால் சத்தம் கேட்டது. எங்கள் துறைத்தலைவர் ரொனால்டு சார், சாவியைச் சுழற்றிக்கொண்டு.

"என்ன கிளாரா, லீவு நாள்ல? பிஎச்.டியா?"

"வீட்டு வேலை சார்."

குனிந்து பார்த்தார். கேலி போய்விட்டது. "பிடுங்கினது. யாரோடது?"

"அக்காவோடது. சின்னது அக்கா மகளோடது."

"இதை நீயா எடுத்தியா? சீல் இல்ல, சாட்சி இல்ல. கோர்ட்டுல தூக்கி எறிஞ்சிருவான்."

"கோர்ட்டுக்கு இல்ல சார். எங்கம்மாவுக்கு."

"யார் பிடுங்கினது?"

"அவனும் அவங்கம்மாவும்தான். வேற யாரு?"

"இங்க பாரு. பிடுங்கியிருக்குன்னுதான் இது சொல்லும். யாருன்னு சொல்லாது. நீதானே பசங்களுக்கு இதைச் சொல்ற?"

நான்தான் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும், போர்டில் பெரிதாக எழுதி. மைக்ராஸ்கோப்பின் ஐபீஸில் செல்போனை ஒட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து மச்சான் வந்தார். வேனே மல்லிகையாக மணந்தது. அம்மாவுக்கு ஒரு பந்து பூ. அம்மா கோழி அடித்திருந்தாள். அவர் கை கழுவி உட்கார்ந்ததும் நான் செல்போனை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது அக்கா முடி மச்சான். உதிரல. பிடுங்கினது. ஒங்க வீட்டுப் பையில இருந்து எடுத்தேன்."

அக்கா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். மச்சான் பார்த்தார். மறைக்கக்கூட இல்லை.

"ஆமா, புடிச்சேன். வாய்க்கு வாய் பேசுனா கொஞ்சுவாங்களா? முடிதான, முளைக்கும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். சத்தியம் செய்த அம்மா. அவள் அவர் தட்டைப் பார்த்தாள். "ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும். இதைப் போயி சோத்துல உக்காந்த நேரத்துலயா? நீ சாப்பிடுங்க மாப்பிள்ளை."

பதற்றத்தில் நீயும் நீங்களும் குழம்பியது அவளுக்கு. எனக்கு எதுவும் குழம்பவில்லை. அடுத்த போட்டோவைத் தள்ளினேன்.

"இதுவும் முளைக்குமா? இது ஒங்க மகளோடது. ஜிகினா தெரியுதா? சம்மனசு வேஷம் கட்டுன புள்ளையோட முடியை வேரோட பிடுங்கியிருக்கீங்க."

அவர் சோற்றுக் கையோடு செல்போனைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. அது நடிப்பில்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"நான் பாப்பாவைத் தொட்டதே இல்ல."

"அப்ப ஒங்கம்மா."

"எங்கம்மாவுக்கு அவ உசுரு. ஏய், அவகிட்டயே கேளு."

கேட்டேன். அனிஷாவைக் கூப்பிட்டு எல்லோருக்கும் நடுவில் நிறுத்தி, அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கேட்டேன். "பாப்பா, ஒன் முடியைப் புடிச்சு இழுத்தது யாரு? சித்தி இருக்கேன், சொல்லு."

பிள்ளை உள்ளங்கையைத் தூக்கி வாயைப் பொத்தினாள். கைக்கு மேலே கண் மட்டும் நகர்ந்தது. அப்பாவைத் தாண்டி, அம்மாச்சியைத் தாண்டி, கரண்டியோடு நின்ற அக்காவிடம் போய் நின்றது. பிறகு மெதுவாக நடந்துபோய் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

 அப்புறம் மச்சான் சிரித்தார்.

"நல்ல மிஷினு கிளாரா, ஒன் மிஷினு. அந்த போட்டோவை எனக்கு அனுப்பிவிடு, வக்கீலுக்குக் காட்டுறேன். புள்ளை என்கூட வாரா. ஒங்க அக்காளை நீங்களே வச்சுக்கங்க. அதான கேட்டீங்க?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி, வாசலில் அவர் காலைப் பிடித்தாள். தெருவில் திருவிழாக் கொடிக்கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவசரப்படவில்லை. வேனில் சாய்ந்து நின்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செத்த நேரம் அந்தக் காட்சியை அனுபவித்தார். "மாப்பிள்ளை, மன்னிச்சிருங்க" என்று அம்மா கும்பிட்டாள். எதற்கு மன்னிப்பு, யார் செய்ததற்கு, அவளுக்கே தெரியாது.

"பையை எடுத்துட்டு வா" என்றார் கடைசியில்.

அக்கா பை எடுக்க உள்ளே வந்தாள். நான் வழியை மறித்தேன்.

"புள்ளையை ஏன்க்கா?"

அவள் அழவில்லை. பாவாடை சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டே சொன்னாள், கணக்கு ஒப்பிக்கிற மாதிரி. "அவ ராத்திரி அழுவா. அழுதா அவரு எந்திரிப்பாரு. எந்திரிச்சா நான் செத்தேன். வாயை மூடுன்னு ஒரு தடவை முடியைப் புடிச்சேன். மூடிட்டா. அப்புறம் பழகிருச்சு."

"நாடகத்தன்னைக்குமா?"

"அன்னைக்கு அவ அழவே இல்ல. ஆனாலும் புடிச்சேன்." ஜிப்பை இழுத்தாள். "அவருக்கு நான் இருக்கேன் கிளாரா. எனக்கு அவதான இருக்கா."

வேன் போய்விட்டது. அனிஷா முன்சீட்டில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மல்லிகைப் பந்து பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது.

"சந்தோசமாடி? மனசு குளுந்துச்சா?" அம்மா தட்டை எடுத்துக் கழுவுகிற இடத்தில் வீசினாள். "பொணத்தை அறுக்குற கையால குடும்பத்தையும் அறுத்துட்ட."

என் படிப்பில் பிணம் அறுப்பது இல்லை. எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. நான் செல்போனை எடுத்துக் குழந்தைகள் உதவி எண் 1098 அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். இளம் குரல், பொறுமையான குரல்.

"சொல்லுங்க, குழந்தைக்கு என்ன பிரச்சனை?"

"அடிக்கிறாங்க. நிலக்கோட்டையில."

"யார் அடிக்கிறது?"

அப்பா என்று சொல்லலாம். ஒரு சொல்தான். அந்த வீட்டில் மற்றதெல்லாம் அவன் செய்ததுதான், இது மட்டும் கூடுதலாக அவன் தலையில் ஏறினால் யாருக்கு என்ன நஷ்டம்? அக்கா தப்பிப்பாள். அவள் தப்பித்தால் பிள்ளை அவளிடமே இருக்கும். அடுத்த முறை அழாமல் இருக்க இன்னும் நன்றாகப் பழகியிருக்கும்.

"அப்பா அம்மாவை அடிக்கிறாரு. அம்மா குழந்தையை அடிக்கிறாங்க."

"அம்மா பேரு?"

எங்கள் அம்மா அப்போதுதான் புரிந்துகொண்டாள். பாய்ந்து வந்தாள். போனைத்தான் பிடுங்குவாள் என்று நினைத்து அதைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் கை என் பின்மண்டைக்குப் போனது. கொத்தாகப் பிடித்தாள். சரியாக அடியில் பிடித்தாள், பழக்கப்பட்ட பிடி. சின்ன வயதில் பாடம் ஒப்பிக்காவிட்டால் பிடிப்பாளே, அதே இடம். அக்காவுக்கு இடது காதுக்கு மேலே. எனக்குப் பின்மண்டை.

"வைடி போனை! பெத்த புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பவாடி நான் ஒன்னையப் படிக்க வச்சேன்?"

தலை பின்னால் வளைந்து கூரைதான் தெரிந்தது.

"ஹலோ? பாதுகாப்பா இருக்கீங்களா? அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. எழுதிக்கங்க. அம்மா பேரு சகாயசெல்வி. என் அக்காதான். வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜ். தெரு சொல்றேன்."

தெருவைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அம்மா விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் மண்டைத்தோலில் சுரீரென்று ஏதோ விட்டது. அவள் தடுமாறி இரண்டடி பின்னால் போனாள். அந்தப் பெண் புகார் எண்ணைச் சொல்லி, ஆள் வருவார்கள் என்றாள். போனை வைத்தேன்.

அம்மா சுவரோடு சாய்ந்து மூச்சு வாங்கினாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவள் விரல்களில் என் முடி தொங்குவதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அழுதுகொண்டே அதை ஆள்காட்டி விரலில் சுற்றினாள். பந்தாக்கினாள். இரண்டு விரலால் அமுக்கி ஜன்னல் இடுக்கில் சொருகி வைத்தாள்.