கந்தக அச்சு

விநாயகமூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாகேதா பேட்டையில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் தன் பட்டறையைப் பட்டப்பகலில் இழுத்துப் பூட்டிவிட்டு, தின்கன்ஜூன் பேட்டையில் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒன்பது வருடமாக அந்த வாசலை அவன் மிதித்ததில்லை. மிதிக்கக் கூடாது என்று சொன்ன கலாதான் கதவைத் திறந்தாள்.

"மாப்ள துப்பாக்கிய நாளைக்கு ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறாராமே. லபெயே டீ குடிக்கப் போன எடத்துல சொன்னாங்க. அதுக்கு முன்னாடி நான் ஒருதடவ பாக்கணும்."

"அது பண்ணுனது போதாதா?"

 கையிலிருந்த பையோடு அவன் படியை விட்டு இறங்கவில்லை.

அந்தத் துப்பாக்கி, கலாவின் கணவன் பாலாவுக்கு அவன் அப்பா கொடுத்தது. அந்த மனிதர் தன் தோளுக்கும் கைக்கும் அளவு கொடுத்துச் செய்வித்தது. குழலில் 303 என்று தோட்டா அளவு பொறித்திருக்கும். ஒருமுறை வேட்டைக்குக் கிளம்பியபோது தோட்டா தீர்ந்துபோயிருந்தது. விநாயகமூர்த்தி 303க்கான பித்தளைக் கூடுகள் வாங்கி, தன் கையாலேயே மருந்து போட்டுக் கட்டிக் கொடுத்தான். முதல் சூட்டிலேயே கூடு பிளந்து, நெருப்பு பின்பக்கமாகச் சீறி, பாலாவின் வலக்கண் போயிற்று. பிளந்த கூட்டைப் பாலா அங்கேயே புதருக்குள் எறிந்துவிட்டான். மச்சான் மருந்தை அள்ளித் திணித்துவிட்டான் என்று குடும்பமே முடிவு கட்டியது. எடை போட்டுத்தான் போட்டேன் என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தான். பிறகு, ஒரு சிட்டிகை கூடித்தான் போயிருக்குமோ என்று அவனுக்கே அரிக்க ஆரம்பித்தது. அந்த அரிப்பு இன்றுவரை நிற்கவில்லை. சோறு தின்னும்போதும் அதுதான், எஞ்சினைப் பிரிக்கும்போதும் அதுதான்.

எதிர்வீட்டு அம்மா டோ சான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஊர் வாய்க்குப் பயந்துதான் கலா வழிவிட்டாள்.

அவள் எடுத்து வந்த துப்பாக்கியோடு பின்கட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றினான். தோட்டா போய் உட்காரும் அறைக்குள் எண்ணெய் தடவினான். குழலுக்குள் துணியை அடைத்தான். கொண்டுவந்த கந்தகத்தைக் கரண்டியில் உருக்கி மெதுவாக ஊற்றினான். நாற்றம் மூக்கைத் துளைத்தது. கலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாளே தவிர, அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"என்ன பண்ற?"

"உள்ள எந்தத் தோட்டாவுக்கு எடம் வெச்சிருக்குன்னு அச்சு எடுக்குறேன். 303 அச்சு வந்தா, தப்பு என்னோடது. அதோட விட்டுர்றேன்."

சொல்லும்போதே அவனுக்கு, தெரியாமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. கந்தகம் இறுகியதும் குழல் முனையிலிருந்து கம்பியால் துணியைத் தட்ட, கட்டைவிரல் போல மஞ்சள் அச்சு ஒன்று பின்புறமாக வழுக்கி வந்தது. சட்டைப்பையில் இருந்து ஒரு 303 கூட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

வெர்னியர் வைத்து அளக்கத் தேவைப்படவில்லை. கூடு ஒல்லி, அச்சு குண்டு. கூட்டின் தோள் சரிந்து இறங்க, அச்சின் தோள் முன்னால் தள்ளி விறைப்பாக நின்றது. இத்தனை காலி இடத்துக்குள் 303 கூட்டை வைத்து வெடித்தால், மருந்தைக் குறைத்துப் போட்டிருந்தாலும் அது உப்பிப் பிளக்கத்தான் செய்யும். எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு தோட்டா செய்து அவன் பார்த்ததில்லை. யாரோ வேண்டுமென்றே அறையைக் குடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள். 

அப்போதுதான் பாலா கடையிலிருந்து வந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணால் முதலில் மச்சானைப் பார்த்தான், பிறகு அச்சைப் பார்த்தான். என்ன அது என்று கேட்கவே இல்லை.

"இது என்ன தோட்டா மாப்ள?"

"அதுக்குப் பேரெல்லாம் கெடையாது." பாலா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். "பெரிய மிருகத்த அடிக்கக் கூடுதலா மருந்து புடிக்கணும்னு அப்பா லான்மடாவ் பட்டறையில ஒரு ஆள வெச்சுக் கொடஞ்சாரு. அதுக்குண்டான கூட்ட அவரே தயார் பண்ணுவாரு. லைசென்ஸ்ல 303. வெளிய தெரிஞ்சா துப்பாக்கி போயிரும், வாயத் தொறக்காதன்னாரு."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும். அப்பா படுத்த படுக்கையா கெடந்தாரு. அவர் கொடஞ்சதுதான் எங்கண்ணப் புடுங்குச்சுன்னு எப்படிச் சொல்ல? அவர் போனப்புறம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரல." கையிலிருந்த கறுப்புக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். "அது மட்டும் இல்ல மச்சான். தோட்டா கட்டுறதுக்கு முன்னாடி நீ எங்கிட்ட கேட்ட. 303தானேன்னு. சுத்தி ஆளுங்க இருந்தாங்க, ஆமான்னுட்டேன். தோட்டா உள்ள போனாச் சுடும்னு நெனச்சேன்."

விநாயகமூர்த்தி கத்தத்தான் நினைத்தான். ஆனால் அச்சையும் கூட்டையும் எடுத்துப் பாலாவின் முன்னால் வைத்தான்.

கலா புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணே, அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல எங்கிட்ட சொன்ன. அவர்ட்டக் கேட்டுட்டுத்தான் கட்டுனேன்னு. நான் நம்பல."

"விடு கலா," என்றான் அவன். "நானே நம்பல."