ஒரு நாள் குறைய

போதைப்பொருள் என்ற சொல் காதில் விழுந்தாலே பத்திநாதருக்கு நீதிபதி ஆகிவிடவேண்டும் போலிருக்கும். லாசாலில் ஒரு கிடங்கில் முப்பது வருடம் பெட்டி ஏற்றி இறக்கி ஓய்வுபெற்றவருக்கு அந்தப் பதவியை எவரும் கொடுக்காததால், 2008ஆம் ஆண்டுத் தவக்காலம் முழுவதும் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று கையெழுத்துச் சேர்த்தார். பொதி சுமந்தவனுக்கும் குறைந்தது பத்து வருடம் சிறை என்று ஒட்டாவா அரசு சட்டம் போடவேண்டுமாம். நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒப்பமிட்டார்கள். அதில் பாதிப்பேர், குளிரில் அவருடைய பேச்சிலிருந்து தப்புவதற்காக.

ஈஸ்டர் முடிந்து வந்த சனிக்கிழமை பின்னேரம், அதே கோயிலுக்கு வரும் றொசானா அவர் வீட்டுக்கு வந்தாள். அவள் கணவன் ஜோன்சன் டெலிவரி வான் ஓடுபவன். புரோசார்டில் ஒரு பெட்டியை இறக்கும்போது பிடிபட்டான். உள்ளே கொக்கெயின். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். செவ்வாய்க்கிழமை தீர்ப்பு.

"அங்கிள், அரசாங்கப் பக்கம் மூண்டு வருசம் கேக்குது. இவர் இன்னும் சிட்டிசன் இல்லை. ரண்டு வருசம் விழுந்தாலே அப்பீலும் இல்லாமல் கொழும்புக்கு ஏத்திப்போடுவாங்களாம். அதில ஒரு நாள் குறைஞ்சாலும் அப்பீல் பண்ணலாமெண்டு லோயர் சொல்லுறார். நீங்கள் ஒரு கடிதம் தந்து, கோட்டிலயும் வந்து நிண்டால்..."

"ஒரு நாளோ? நான் பத்து வருசமே காணாதெண்டு நிக்கிறன், பிள்ளை. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு பாக்காமல் ஆராவது பெட்டி காவுவானோ?"

"கூலி கூடத்தான் குடுத்தவங்கள். ஏனெண்டு இவர் கேக்கேல்லை."

றொசானாவுக்குப் பொய் சொல்ல வராது. கெஞ்ச வந்த இடத்தில் அது பெரிய குறைதான்.

அப்போது மனைவி பிலோமினம்மா ஒட்டுநாடா சுற்றிய பொதியொன்றுடன் வந்தார்.

"இஞ்சாருங்கோ, செல்வமலர் தந்துவிட்டவ. லண்டனில இருக்கிற தங்கச்சிக்காம். உங்கட சூட்கேசுக்குள்ள வையுங்கோ."

திங்கட்கிழமை பத்திநாதருக்கு லண்டன் பயணம். தம்பியின் மகளான பெறாமகளுக்குக் கலியாணம். பயணம் போகிறவரின் பெட்டி ஊருக்கே பொது என்பதால் ஏற்கனவே ஏழு பொதிகள் அதற்குள் கிடந்தன.

"இதுக்குள்ள என்ன?"

"எனக்கென்ன தெரியும்? பிரிச்சுப் பாத்தால் பேந்து அவவின்ர முகத்தில முழிக்கேலுமோ?"

றொசானா சூட்கேசை ஒருதரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

பத்திநாதர் கத்தியை எடுத்து, வாழ்நாளில் முதல் தடவையாக அடுத்தவர் பொதியைப் பிரித்தார். மண்ணிறத் தூள். அதற்கடியில், பெயரில்லாத பையில் நூறு வெள்ளைக் குளிசைகள்.

"சேசுவே!"

செல்வமலருக்கு ஃபோன் போனது. தூள் மீன்கறிக்கு வறுத்து இடித்ததாம். குளிசை, டொக்டர் தனக்குத் தந்த மாத்திரைகளில் மிச்சம்பிடித்து, தங்கச்சியின் முழங்காலுக்காம். "பாசலைப் பிரிச்சனீங்களோ?" என்று கேட்டு அவள் ஃபோனை வைத்த வேகத்தில் பத்திநாதரின் காது அடைத்தது. மற்ற ஏழு பொதிகளையும் பிரிக்க அவருக்குத் துணிவில்லை. நாளைக்குக் கோயிலுக்குப் போகவேண்டாமா?

"இதைக் காவ எனக்கென்ன தந்தவ?"

"பன்ரண்டு கட்லட்," என்றார் பிலோமினம்மா. "ஏனெண்டு கேக்காமல் ஒன்பதைத் திண்டனீங்கள்."

அவர் மேசைக்குப் போய் எழுதினார்: 'ஜோன்சன் செய்தது பிழை. கேட்டிருக்க வேண்டும். தண்டியுங்கள். ஆனால் பெட்டியை அனுப்பியவன் இன்னும் வெளியில் நிற்கிறான். சுமந்தவனின் வாழ்க்கையை முழுதாக எடுக்காதீர்கள். ஒரு நாள் குறையுங்கள்.' தானும் சுமப்பவன்தான் என்று ஒரு வரி சேர்க்கப் போனபோது மனைவி பேனாவைப் பறித்தார். பிறகு கேட்டார்:

"அப்ப கலியாணம்?"

"பெட்டைக்கு வேற பெரியப்பாமார் இருக்கினம். ஜோன்சனுக்கு ஆர் வாறாங்கள்?"

செவ்வாய்க்கிழமை நீதிபதி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் குறைய, என்றார். றொசானா அழுதாள். கைக்குட்டை தேடிய பத்திநாதரின் கோட்டுப் பைக்குள் கையெழுத்துத் தாள்கள்தான் இருந்தன. முதலாவது பெயரை ஏற்கனவே வெட்டியிருந்தார். அவருடையது.

அன்றிரவு, அடுத்தநாள் லண்டன் போகவிருந்த கோயில் பழக்கமான பேனாட், பொதிகள் கிடந்த சூட்கேசைக் கொண்டுபோக வந்தான்.

"திறந்து பாரும், பேனாட்."

"என்ன அண்ணை, உங்களை நம்பாமலோ?" பேனாட்டின் முகம் சுருங்கிவிட்டது. பெட்டியைத் தூக்கிக் காருக்குள் எறிந்தான்.

"கேளுமன் ஐசே, என்ன இருக்கெண்டு ஒருக்காக் கேளும்!" என்று பனிக்குள் செருப்போடு ஓடினார் பத்திநாதர்.

கார் போய்விட்டது.