நெருப்பில் போகாதது

ரத்தப் பரிசோதனையில் ஒரு ரசாயனத்தின் அளவு என் கணவரைவிட எனக்கு மிகவும் குறைவாக இருந்தது. சந்தோஷத்தை அடக்கத் தெரியாமல் டாக்டரம்மா முன்னாலேயே சிரித்துவிட்டேன்.

என் கணவர் தீயணைப்புப் படையில் பயிற்சி கொடுப்பவர். எரிகிற எண்ணெயின் மேல் நுரை பீய்ச்சி அணைத்துக் காட்டுவதுதான் வேலை. அந்த நுரையில் இருக்கும் ரசாயனம் உடம்புக்குள் போனால் லேசில் வெளியே வராது என்று இப்போதுதான் சொல்கிறார்கள். அவருக்கு அதிகம் இருப்பது நியாயம். எனக்கு இருப்பதற்குக் காரணம் எங்கள் தீயணைப்புக் குடியிருப்பின் கெட்டிக்காரத்தனம். நுரைப் பீப்பாயின் அடியில் மிஞ்சும் கரைசலை அங்கே யாரும் வீணாக்குவதில்லை. தரை துடைக்க, துணி அலச, ஜன்னல் கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். சோப்புக்காரன் நம்மால் பட்டினி கிடக்கிறான் என்று அவர் ஜம்பமடிப்பார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் மடியில் தூங்கிய குட்டிப் பாப்பாவைப் பார்த்தார். தாய்ப்பாலா என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அதுதான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"உங்களுக்குத் தானாக் குறையலைம்மா. பால் வழியாவும் கொஞ்சம் போயிருக்கு."

எங்கே போயிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. என் கணவர் என் கைப்பையைத் தன் மடியில் வைத்து, ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

சில குழந்தைகளுக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகலாமாம். பின்னாளில் கொழுப்பு, தைராய்டு என்று எதுவும் வரலாமாம், வராமலும் இருக்கலாமாம். பயந்துகொண்டு பாலை நிறுத்திவிட வேண்டாம், அதில் நன்மைதான் அதிகம், ஆனால் முடிவு உங்களுடையது என்றார் டாக்டரம்மா. குடியிருப்பின் தண்ணீரையும் சோதனைக்கு எடுத்திருக்கிறார்களாம், முடிவு வரவில்லையாம். எனக்குப் பாதிதான் காதில் ஏறியது.

பஸ்ஸில் குட்டி விழித்துக்கொண்டது. நெஞ்சை முட்டியது. ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அதைத் தோளில் போட்டுத் தட்டினேன். அதற்கு இது புரியாத விளையாட்டு. முதலில் சிணுங்கியது, பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அழுதது.

டாக்டரம்மா நிறுத்தச் சொல்லவில்லையே என்று என் கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட இருந்தா போகுது? என்கிட்ட இருந்துல்ல போகுது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடினேன். மாடி வீட்டு அக்காவுக்குப் பால் சுரக்கவில்லை. அவள் மகள் டின் பாலில்தான் வளர்கிறாள். என்னடி, கடையில் சரக்குத் தீர்ந்துபோச்சா என்று கிண்டல் செய்துகொண்டே ஒரு டின்னையும் புட்டியையும் கொடுத்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

குழாய்த் தண்ணீர் நன்றாகக் கொதிக்கட்டும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் தளதளவென்று கொதிக்கவிட்டார், ஆறவைத்தார், பால்மாவைக் கலக்கினார், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். குட்டி ரப்பரைத் துப்பியது. மறுபடி துப்பியது. பசி தாங்காமல் கடைசியில் கவ்வி ஒரு வாய் இழுத்தது.

என் கணவர் புட்டியைப் பிடுங்கினார்.

குட்டி வீறிட்டது. பைத்தியமா உங்களுக்கு என்று கத்தினேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நுரையில இருக்கிறது நெருப்புல போகாது. போகாதுங்கிறதாலதான நெருப்பு மேலயே அடிக்கிறோம்."

எனக்குப் பிடிபடவில்லை. அவர் சமையலறை ஜன்னலைக் காட்டினார். வெளியே பயிற்சி மைதானம், நடுவில் கருகிய வட்டம். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் நுரை வடிந்து ஓடும் வாய்க்கால். அது போய் முடியும் பள்ளத்துக்குப் பக்கத்தில் கிணறு. எங்கள் எல்லோர் வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

"தண்ணி முடிவு இன்னும் வரலையே" என்றேன்.

"வரல."

கடைத்தெருவுக்குப் போய்க் கேன் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்றார். கடைத்தெரு பக்கத்தில் இல்லை. குட்டியின் தொண்டை கட்டிவிட்டது. அழுகை கரகரவென்றுதான் வந்தது. புட்டிக்குள் எவ்வளவு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. எனக்குள் எவ்வளவு இருக்கிறதென்று காகிதத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைக் கொடுத்தவர்தான் நிறுத்தாதே என்றும் சொன்னார்.

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். ரவிக்கையைத் தளர்த்தினேன். தெரிந்த இடத்துக்கு வந்த அவசரத்தில் அது கடித்தே விட்டது.

அழுகை நின்றதும் வீடு சட்டென்று அமைதியானது. மேலே அக்கா வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரத்தில் தண்ணீர் விழுந்து நிறைந்தது. அடுப்பு பற்றவைக்கும் சொடுக்கு.

"மேல போய்ச் சொல்லுங்க."

"முடிவே வரலயே, என்னன்னு சொல்றது?"

"எங்கிட்ட சொன்னதையே சொல்லுங்க."

போனார். அவர் படியேறும் சத்தம் நடுவில் நின்றது. குட்டி ஒருமுறை கண் திறந்து பார்த்துவிட்டு மறுபடி இழுக்க ஆரம்பித்தது.

"ஏறுங்க" என்றேன், அவர் காதில் விழும்படி.