அடிச்சத்தம் போன இடம்

றிம்சான் கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தான். ஓய்வு நாட்களில் சசிகரனின் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பான். பாண்டிருப்புச் சசிகரன்தான் குழுவுக்குத் தலைவன், பாடுகிறவனும் அவன்தான். றிம்சானுடைய மாமனாருக்கு மருமகன் கிற்றார் தூக்குவது பிடிக்காது. வாய் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை; கிற்றார் பையைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

கரைச்சல் தொடங்கியது ஒரு பெடலால். சசிகரன் புதிதாக இரண்டு பாட்டுக் கட்டினான். அதில் பேஸ் உறும வேண்டும் என்றான். றிம்சான் கொழும்பிலிருந்து டிஸ்டோர்ஷன் பெடல் ஒன்றை எடுப்பித்தான். காலால் அமத்தினால் சத்தம் கிழிபட்டு உறுமும். உறுமியது நல்லாத்தான் இருந்தது. ஆனால் பேஸுக்கே உரிய அடிச்சத்தம், நெஞ்சில் வந்து முட்டுகிற அந்தக் கனம், கொஞ்சம் மெலிந்துபோனது.

சசிகரன் எங்கேயோ விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தான். கிற்றாரிலிருந்து வருகிற சத்தத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு வயர் பெடலில் படாமல் சுத்தமாக மிக்சருக்குப் போகும், மற்றது பெடலுக்குள்ளால் போகும். மிக்சரில் இரண்டையும் கலந்துவிட்டால் கனமும் கிடைக்கும், உறுமலும் கிடைக்கும்.

கேட்க எவ்வளவு லேசு. பாட்டுப் பழகக் குணம் என்பவர் தன் மிக்சரைக் கொண்டுவந்தார்; சுத்தமான வயரை மட்டும் திறந்தால் கதவு அதிர்ந்தது. பெடல் வயரை மட்டும் திறந்தால் உறுமல் வந்தது, கொஞ்சமாவது கனமும் இருந்தது. இரண்டையும் திறந்தால் அடிச்சத்தமே இல்லை. டின்னுக்குள் அடைபட்ட வண்டு போல ஒரு இரைச்சல் மட்டும் மிஞ்சியது. றிம்சான் ஒன்றைக் கூட்டச் சொன்னான், மற்றதைக் குறைக்கச் சொன்னான். சுத்தமானதைக் குறைத்தபோது ஒருக்கால் கனம் கூடின மாதிரியும் கேட்டது. இல்லாத ஒன்றைக் காது கேட்கிறதா, இருப்பதைக் கேட்கவில்லையா என்று அவனுக்கு விளங்கவில்லை. ஸ்பீக்கரை இன்னும் பெரிதாய்ப் போட்டால் சரிவரும் என்றான் சசிகரன்.

கல்முனைப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் விழா. பெரிய ஸ்பீக்கர்தான் போட்டிருந்தார்கள். மிக்சரில் குணம்தான் இருந்தார். பெரியநீலாவணைக்காரர், அந்தப் பக்கத்து விழாக்களுக்கெல்லாம் சவுண்ட் போடுகிறவர். றிம்சானை விட வயதில் மூத்தவர், அதிகம் கதைக்காதவர். புதுப் பாட்டு தொடங்கி றிம்சான் பெடலை அமத்தியதும், ஆடிக்கொண்டிருந்த பொடியன்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பாட்டின் காலடியை யாரோ உருவி எடுத்த மாதிரி இருந்தது. சசிகரன் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

அந்த ஒரு பார்வை றிம்சானின் தலைக்குள் எதையெதையோ கிளப்பியது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் நல்லா பேஸ் வாசிக்கிற ஒருவன் இருக்கிறான் என்றும், சசிகரன் அவனோடு கதைத்துக்கொண்டு நின்றதைக் கண்டதாகவும் முந்தைய கிழமைதான் ஒருவன் சொல்லியிருந்தான். தன்னை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள், அதற்குத்தான் மிக்சரில் தன் சத்தத்தை வெட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டான். நிகழ்ச்சி முடிந்ததும் மேடையால் இறங்கி நேரே குணத்திடம் போனான்.

"குணம் அண்ணன், என்ட சத்தத்த நீங்கதான் வெட்டுறீங்க. ஆர் சொல்லி வெட்டுறீங்க எண்டும் எனக்குத் தெரியும்."

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். குணம் மிக்சரை மூடினார். வயர்களைச் சுருட்டினார், வண்டியில் ஏற்றினார், போய்விட்டார். அடுத்த முறை பாட்டுப் பழக வரவுமில்லை. நீ என்ன கதை கதைத்துப்போட்டாய் என்று சசிகரன் கேட்டான். ஒலுவில் பொடியனைப் பற்றி றிம்சான் கேட்டதற்கு, அவன் தன் தங்கையின் வகுப்பு என்றும், கிற்றார் ஒன்று விற்கக் கிடக்கிறதா என்று கேட்க வந்தவன் என்றும் சொன்னான். நம்புவதா விடுவதா என்று றிம்சானுக்குப் பிடிபடவில்லை. கடையில் வாடிக்கையாளர்களிடம் "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொன்ன பதிலை மறந்து நின்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு மனைவி ஹுஸ்னியாவைக் கூப்பிட்டான். தன் காதில் ஏதோ பிழை என்ற பயம் வந்துவிட்டது அவனுக்கு. வீட்டிலிருந்த சின்ன மிக்சரில் இரண்டு வயரையும் குத்தினான். அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, முதலில் சுத்தமானது, பிறகு உறுமல், பிறகு இரண்டும் சேர்த்து என்று வாசித்துக் காட்டினான். முறையை மாற்றியும் வாசித்தான்.

"சும்மா வாசிச்சது நல்ல மொத்தமா, கனமா இருக்கு," என்றாள் ஹுஸ்னியா. "உறுமுறதும் பரவாயில்ல. ரெண்டையும் சேத்தாத்தான் ஒண்டுமில்லாமப் போகுது."

காதில் பிழையில்லை என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அடுத்த கணம்தான் மற்றது விளங்கியது. குணத்தின் மிக்சர் இல்லாமலே, குணம் இல்லாமலே, அதே சத்தம் தன் வீட்டிலும் காணாமல் போகிறது. அப்படியென்றால் அந்த மனிசன் ஒன்றும் வெட்டவில்லை.

பின்னேர அசர்த் தொழுகைக்கு முன்னம் கிற்றாரையும் பெடலையும் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பெரியநீலாவணைக்குப் போனான். குணம் முற்றத்தில் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். பிழை தன்னுடையதுதான், ஆக்கள் முன்னால் அப்படிக் கதைத்திருக்கக் கூடாது என்று றிம்சான் ஒருவாறு சொல்லி முடித்தான். குணம் ஸ்பீக்கரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருடைய மனைவி தர்சினிதான் கதிரை கொண்டுவந்து போட்டு, தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

"பெடலக் கொண்டந்தீங்களா?" என்றார் குணம் கடைசியில்.

உள்ளே தன் மிக்சரில் இரண்டு வயரையும் அவரே குத்தி, றிம்சானை வாசிக்கச் சொன்னார். கேட்டார். அவருக்கும் குழப்பம்தான். வயரை மாற்றினார், வேறு துளையில் குத்தினார், பெடலின் பற்றரியைக் கழற்றிப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். ட்ரம்மைச் சுற்றி மைக் வைக்கும்போது மட்டும் எப்போதாவது தொடுகிற ஒரு சின்ன பட்டன் மிக்சரில் பெடல் வயரின் வரிசையில் இருந்தது.

"இதையும் ஒருக்கா அமத்திப் பாப்பம்," என்றார்.

அமத்தினார். மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கிடந்து கிலுகிலுத்தது. றிம்சான் நிறுத்தாமல் வாசித்தான். பட்டனைத் திரும்ப வெளியே விட்டார், கனம் போனது, அமத்தினார், வந்தது. உறுமலும் இருந்தது, அடியும் இருந்தது.

இருவரும் கொஞ்ச நேரம் யோசித்துத்தான் காரணத்தைப் பிடித்தார்கள். பெடலுக்குள்ளால் வருகிற சத்தம் தலைகீழாய் வருகிறது. சுத்தமான சத்தம் ஸ்பீக்கரை வெளியே தள்ளுகிற அதே நேரம் பெடல் சத்தம் அதை உள்ளே இழுக்கிறது. தனித்தனியே இரண்டும் சரி. சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. பட்டனை அமத்தினால் பெடல் சத்தம் நேராகி, இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். நல்ல சத்தங்கள் இரண்டு சேர்ந்து எப்படி ஒன்றுமில்லாமல் ஆகும் என்பது, காரணம் தெரிந்த பிறகும் றிம்சானுக்கு அதிசயமாகவே இருந்தது.

அடுத்த மாதம் காரைதீவில் விளையாட்டுக் கழக விழா. குணம் வந்தார். றிம்சான் பெடலை அமத்தியபோது மேடைப் பலகை காலுக்குக் கீழே அதிர்ந்தது, முன்னால் நின்றவர்கள் கையைத் தூக்கினார்கள். சசிகரன் பாட்டின் நடுவிலேயே சிரித்தான்.

விழா முடிந்து சாமான் கட்டும்போது றிம்சான் குணத்தின் பக்கத்தில் போய் நின்றான். மன்னிப்புக் கேட்டதற்கு அவர் இன்னும் பதிலே சொல்லவில்லை என்பது அவனுக்கு உள்ளே கிடந்து குத்தியது.

"அண்ணன், அண்டைக்கு நான் கதைச்சத..."

"அந்த வயர முறுக்காமச் சுத்துங்க தம்பி," என்றார் குணம். "முறுக்கினா உள்ளுக்க அறுந்திரும்."

அது கோபமா, கோபம் போனதா? அவருடைய முகத்தைப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. இன்னொருமுறை கேட்கலாமா என்று வாயெடுத்தவன் கேட்காமல் விட்டுவிட்டு, குந்தியிருந்து அவர் சொன்ன மாதிரியே வயரைச் சுற்றத் தொடங்கினான்.