ஏழாம் மலை

கண்டிக் கடைக்காரன் இரண்டு ஜிபிஎஸ் கருவிகளை எடுத்து வைத்தபோதே அஸ்ஹரின் மனசு பெரிய திரை உள்ளதில் விழுந்துவிட்டது. தொட்டால் விரியும் வரைபடம், வழி சொல்லும் பெண் குரல், வேன் கண்ணாடியில் ஒட்டிவைக்க ஒரு பிடி. மலையேற, வண்டி ஓட்ட, பெட்டி தேட, மூன்றுக்கும் இது ஒன்றே போதும் என்றான் கடைக்காரன். விற்கிறவன் வேறென்ன சொல்வான்?

நிமலன் மற்றதைக் கையிலெடுத்தான். அதில் சின்னத் திரை, முரட்டுப் பொத்தான்கள். பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் சிவப்புப் பொத்தான் வேறு. அதை அழுத்தினால் சிக்னல் இல்லாத காட்டிலிருந்தும் ஆள் இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடுமாம். மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை அசையாது, இதையே எடுப்போம் நானா என்று அஸ்ஹரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு அவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான்.

"போன் இருக்குதானே தம்பி," என்றார் அஸ்ஹர். பேச்சு அதோடு முடிந்தது.

அஸ்ஹருக்கு ஊர் உக்குவளை, சொந்தமாக வேன் வைத்திருந்தார். நிமலன் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த வழிகாட்டி. அவர் ஓட்டுவார், இவன் நடப்பான். யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேஷிங் என்றொரு விளையாட்டு. அதற்கென்றே பயணிகள் வந்தார்கள். அவர்களுக்காக இருவரும் காட்டுக்குள் ஏழு பெட்டிகள் வைத்திருந்தார்கள். ஏழாவது பெட்டி இருந்தது ஆக உயரத்தில், உச்சியில்.

வாங்கிய கருவி வேனிலேயே குடியிருந்தது. பயணிகள் அதைப் பார்த்து மெச்சினார்கள், அஸ்ஹருக்குத் தலைகால் புரியவில்லை. வேனுக்கு அவர் மாட்டியிருந்த பாட்டு ஹோர்னும் அப்படித்தான், அவருக்கு ஒரு பெருமை. தோட்டத்து வளைவில் அதை அடித்தால் மேலே லயத்தில் நிமலனின் மனைவி ரஜிதா தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவாள்.

மார்கழி அடைமழையில் உச்சிப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று தகவல் வந்தது. மாற்றிவிட்டு வருகிறேன் என்று நிமலன் தனியாகப் போனான். கருவி அன்றைக்கு வேனோடு தம்புள்ளைக்குப் போயிருந்தது. சாயந்தரம் அஸ்ஹரின் போன் அடித்தது. இரைச்சலுக்கு நடுவே நிமலனின் குரல்: "நானா, ஏழாம் மலையில விழுந்து கெடக்கேன். கால் ஒடஞ்சிருச்சி. ஆள் கூட்டிட்டு வாங்க." அவ்வளவுதான். அதன் பிறகு அந்த நம்பர் எடுபடவே இல்லை.

அஸ்ஹர் ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை. பொலீஸுக்குச் சொன்னார், ஊர் இளைஞர்களைத் திரட்டினார். ஏழாவது பெட்டியின் உச்சிதான் என்று அடித்துச் சொன்னார். கருவியில் ஏழாம் நம்பர் கொடி அந்த இடத்தில்தான் நின்றது. ரஜிதா ஓடிவந்து கேட்டபோதும், உச்சியில் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறான், கொண்டுவந்துவிடுவோம் என்றுதான் சொன்னார். நிமலன் சொன்ன சொல்லை அவளிடம் சொல்லவில்லை. தான் விளங்கிக்கொண்டதைச் சொன்னார்.

தோட்டத்து வளைவில் வேனை நிறுத்தி அங்கிருந்து ஏறினார்கள். கருவி அவர்களைத் துல்லியமாக உச்சிக்குக் கொண்டுபோனது. புதுப் பெட்டி அங்கே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது, ஆளைக் காணோம். பள்ளத்தில் உருண்டிருப்பான் என்று கயிறு கட்டி இறங்கினார்கள். மூடுபனியும் அட்டையுமாக அன்றும் மறுநாளும் போயின. தேடுகிறவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட அஸ்ஹர் கீழே வேனிலிருந்து ஹோர்னை அடித்தார். ஒவ்வொரு வேளையும் அடித்தார்.

அதற்கடுத்த காலையில் ரஜிதா வேன் கதவருகே வந்து நின்றாள். அழுது ஓய்ந்த முகம்.

"நானா, அவரு என்னா சொன்னாரு? நீங்க வெளங்கிக்கிட்டது வேணாம். அவரு வாயால வந்தத சொல்லுங்க."

"ஏழாம் மலையில விழுந்து கெடக்கேன்னான்."

ரஜிதா அவரையே பார்த்தாள். பிறகு வளைவுக்கு நேர் மேலே, காடேறிக் கிடந்த சரிவைப் பார்த்தாள்.

தோட்டத்தில் மலை என்றால் உச்சியல்ல. கொழுந்து பறிக்கும் தேயிலை நிலத்துக்குத்தான் மலை என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். காலையில் எந்த மலைக்குப் போகிறாய் என்றுதான் லயத்தில் ஒருவரையொருவர் கேட்பார்கள். அஸ்ஹருக்கு இது தெரியாததா? ஆயிரம் தடவை காதில் விழுந்த பேச்சு. ஆனால் அன்றைக்கு அவர் தலைக்குள் தான் நட்ட கொடிதான் நின்றது. வேலையை முடித்துவிட்டு, கைவிடப்பட்ட ஏழாம் நம்பர் மலை வழியே குறுக்காக வீட்டுக்கு இறங்கியிருக்கிறான் நிமலன்.

புதர் மூடிய தேயிலைக்கு அடியில், தண்ணீர் ஓட வெட்டிய பழைய கானுக்குள் அவன் கிடந்தான். உடம்பு விறைத்திருந்தது. ஊர்ந்துவந்த தடம் மேலேயிருந்து நீண்டு ரோட்டுப் பக்கமாகவே வந்திருந்தது. அஸ்ஹர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் வேனின் கூரை தெரிந்தது.

பிரேதத்தை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதல் நாள் செத்திருக்கமாட்டான், நேற்று வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டொக்டர். அஸ்ஹர் வெளியே வந்து, வேன் கண்ணாடியிலிருந்து கருவியைப் பிடுங்கி சீற்றுக்கு அடியில் எறிந்தார். அதைத் திட்டக்கூட வாய் வரவில்லை. அது கேட்ட இடத்தைத்தான் காட்டியது.

ரஜிதா ஆஸ்பத்திரி வாசலில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றதும் தலை தூக்காமலே கேட்டாள்.

"நானா, நீங்க அடிச்ச ஹோர்ன் அவருக்குக் கேட்டிருக்குமா?"

"இல்ல மகள்," என்றார் அஸ்ஹர். "அவ்வளவு தூரத்துக்குக் கேக்காது."

அந்த வளைவில் ஹோர்ன் அடித்தால் லயத்து அடுப்படி வரைக்கும் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். ரஜிதா தலையை மட்டும் ஆட்டினாள்.